கடலில்லாத ஊரிலிருந்து கடல் காவலுக்கு: வேலூர் மாணவர்கள் எந்த ஆராய்ச்சியில் இறங்கலாம்?

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் ‘கேலக்ஸி லீடர்’ என்ற கார் ஏற்றும் கப்பலில் ஏமனின் ஹூதி ஆயுதக் குழுவினர் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, அதைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த சில வாரங்களில் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனங்கள் சூயஸ் வழியை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக ஆரம்பித்தன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் அதன் வலி உடனே தெரிந்தது. ஹாம்பர்க்குக்கும் ராட்டர்டாமுக்கும் போகும் சரக்கு பத்து, பதினான்கு நாள் பிந்தியது. சரக்கைக் கப்பலில் ஏற்றித் தருவதோடு நம் செலவு முடிகிற எஃப்.ஓ.பி. முறையில் விற்றால், கப்பல் கூலி வாங்குபவருடையதுதானே, அதாவது பையருடையதுதானே என்று கேட்கலாம். கூலி அவருடையதுதான். ஆனால் சரக்கு கைக்கு வந்த பிறகே பணம் தருகிற பையர் பணத்தைத் தள்ளிப்போடுவார். இங்கே பேக்கிங் கிரெடிட்டுக்கு, அதாவது சரக்கைத் தயாரிக்க வங்கியில் வாங்கிய கடனுக்கு, வட்டி ஏறிக்கொண்டிருக்கும். சீசன் தப்பினால் தள்ளுபடி கேட்பார். அவசரமென்றால் உன் செலவில் விமானத்தில் அனுப்பு என்பார்.

அதற்குப் பிறகுதான் நம் பக்கத்துப் பிள்ளைகள் கடல் பாதுகாப்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார்கள். தோல் ஏற்றுமதிக்கு ஷிப்பிங் ஆவணங்கள் பார்ப்பது என் வேலை என்பதால் என்னிடமும் கேட்கிறார்கள். பொறியியல் முடித்து எம்.டெக்., பிஎச்.டி. என்று யோசிப்பவர்கள், கணினி படித்தவர்கள், சட்டக் கல்லூரியிலிருந்து ஓரிருவர். வெளிநாட்டோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்யலாம் என்றால் எதில் இறங்குவது என்பதுதான் அவர்கள் கேள்வி. மூன்று வழிகள் இருக்கின்றன. எந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து அந்தத் தகவலை நாடுகளுக்குள் பகிர்வது ஒன்று. கப்பல்களின், துறைமுகங்களின் கணினிகளைக் காப்பது இன்னொன்று. கடலில் பிடிபட்டவரை யார், எந்த நீதிமன்றத்தில் விசாரிப்பது என்கிற சட்டம் மூன்றாவது. வேலூரில் இருந்துகொண்டு செய்ய முதல் வழிதான் சிறந்தது என்பது என் முடிவு. மற்ற இரண்டின் பலத்தையும் குறைக்காமல் காரணங்களைச் சொல்கிறேன்.

கடற்கரையே இல்லாத மாவட்டத்துக்குக் கடலில் என்ன வேலை என்று தயங்க வேண்டியதில்லை. பழைய வட ஆற்காட்டில் இருந்து இன்று ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் அரக்கோணத்தில்தான் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது. 1992 மார்ச்சில் தொடங்கப்பட்ட கடற்படை விமானத் தளம். இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ விமானங்கள் 2013 முதல் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மறு ஆண்டு மலேசிய விமானம் எம்.எச்.370 காணாமல் போனபோது நடந்த பன்னாட்டுத் தேடலில் இந்தியாவின் பி-8ஐயும் சேர்ந்தது. 2020 நவம்பரில் அமெரிக்காவிலிருந்து குத்தகைக்கு வந்த சீ கார்டியன் ஆளில்லா விமானங்களும் இதே தளத்திலிருந்துதான் பறந்தன. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. கடலைப் பார்க்கும் வேலை நம் மண்ணிலிருந்து வெகு நாளாக நடந்துகொண்டிருக்கிறது. நம் கல்லூரிகள் அதைக் கவனிக்காமல் இருந்துவிட்டன.

ரோந்துக் கப்பல்களை அனுப்புவது அரசுகளின் வேலை. மாணவர் அதைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஆனால் ரோந்து எப்போது பலித்தது, எப்போது பலிக்கவில்லை என்று பார்த்தால் ஆராய்ச்சி எங்கே தேவை என்று புரியும். 2024 ஜனவரி 4 மாலை, சோமாலியாவுக்குக் கிழக்கே ‘லீலா நார்ஃபோக்’ கப்பலில் ஆயுதம் ஏந்திய ஐந்தாறு பேர் ஏறினார்கள். கப்பலில் 21 பேர், அதில் 15 பேர் இந்தியர்கள். கப்பல் தகவல் கொடுத்தது பிரிட்டனின் கடல் வணிகத் தகவல் மையத்துக்கு. அங்கிருந்து செய்தி பரவி, மறுநாள் ஐ.என்.எஸ். சென்னை அங்கே போய்ச் சேர்ந்தது. மாலுமிகள் அதுவரை உள்ளே பாதுகாப்பு அறையில் பூட்டிக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் உயிரோடு மீண்டார்கள். போர்க்கப்பல் எவ்வளவு வல்லமை உடையதாக இருந்தாலும், எங்கே போக வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அதே ஆண்டு மார்ச்சில் ‘ரூயென்’ கப்பலை மீட்டபோதும் அப்படித்தான். இந்தியக் கரையிலிருந்து சுமார் 2,600 கி.மீ. தொலைவில் ஐ.என்.எஸ். கொல்கத்தா 40 மணி நேரம் போராடி 17 மாலுமிகளை மீட்டது. 35 கொள்ளையர் சரணடைந்தார்கள். பி-8ஐயும் ஆளில்லா விமானமும் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அது முடிந்தது.

மலாக்கா நீரிணையின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. 2005 ஜூனில் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க் குழு அந்த நீரிணையைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே போர் எதுவும் இல்லை, கொள்ளை இருந்தது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் 2004-லேயே கூட்டு ரோந்தைத் தொடங்கியிருந்தன. 2005-ல் வான் கண்காணிப்பும் சேர்ந்தது. 2006 ஆகஸ்டில் குழு அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தது. ஓர் ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில் இது நடந்ததற்கு, கரையோர நாடுகள் ஒன்றையொன்று நம்பித் தகவல் கொடுத்தது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். செங்கடலில் இதற்கு நேர்மாறு. 2023 டிசம்பரில் அமெரிக்கா தலைமையிலும், 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் தலைமையிலும் கடற்படைக் கூட்டணிகள் வந்தன. அதன் பிறகும் அந்த வழியில் போகும் கப்பலின் போர்க் காப்பீட்டுக் கட்டணம் கப்பல் மதிப்பில் சுமார் ஒரு சதவீதம் வரை போனது. தாக்குபவர் கரையில் உட்கார்ந்து ஏவுகணை விடும்போது, கரையோர நாட்டின் ஒத்துழைப்பு இல்லாமல் வெளியிலிருந்து வந்த கப்பல்களால் ஓரளவுக்கு மேல் முடியவில்லை.

இனி முதல் வழியின் உள்ளே போவோம்.

சர்வதேசப் பயணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஏ.ஐ.எஸ். என்ற கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது 2004-க்குள் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதி. கப்பலின் பெயர், எண், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் அது வி.எச்.எஃப். வானொலி அலையில் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். கப்பல்கள் ஒன்றையொன்று மோதாமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. காவலுக்கு என்று செய்ததல்ல. அதனால் கேப்டன் நினைத்தால் அணைத்துவிடலாம். பொய்யான இடத்தையும் சொல்ல வைக்கலாம். அப்படி மறையும் கப்பலைத் தேடுவதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. 2024 ஜனவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, செயற்கைக்கோள் படங்களையும் ஏ.ஐ.எஸ். தரவையும் ஒப்பிட்டு, உலகத்தின் தொழில்முறை மீன்பிடிக் கப்பல்களில் சுமார் முக்கால் பங்கு பொதுக் கண்காணிப்பில் தெரிவதே இல்லை என்று காட்டியது.

இந்தத் தேடலுக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் இலவசம். அதுதான் வேலூருக்கு வாய்ப்பு. ஐரோப்பாவின் சென்டினல்-1 ராடார் செயற்கைக்கோள் இரவிலும் மேகத்திலும் கப்பலின் எஃகு உடலைப் பளிச்சென்று காட்டும். அதன் படங்களை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. அதன் தரவும் திறந்த தரவு. நல்ல கணினி ஒன்று, இணையம், நிரல் எழுதத் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் காட்பாடி விடுதி அறையிலிருந்தே தொடங்கிவிடலாம். ஏ.ஐ.எஸ். அலை மட்டும் இங்கே எட்டாது. கடற்கரையில் வைத்த ஆன்டெனாவுக்கு அதன் உயரத்தைப் பொறுத்து இருபது முதல் நாற்பது கடல் மைல் வரைதான் கேட்கும். நாமோ நூறு கி.மீ.க்கும் மேல் உள்ளே இருக்கிறோம். ராயபுரத்திலோ எண்ணூரிலோ தெரிந்தவர் வீட்டு மாடியில் ஒரு ரிசீவரை வைத்து இணையத்தில் இணைத்துவிட்டால் போதும்.

குறைகளும் உண்டு. சென்டினல் ஒரே இடத்துக்குத் திரும்பி வர நாள்கள் ஆகும். நேரடிக் காவலுக்கு அது உதவாது. கப்பல்களின் போக்குவரத்துப் பழக்கத்தைக் கற்கவே உதவும். எஃகுக் கப்பலைப் பளிச்சென்று காட்டும் அதே ராடார், மரப் படகையும் ஃபைபர் படகையும் அலையோடு கலந்து தவறவிடும். நம் கரையோரத்தில் பெரும்பான்மை ஃபைபர் படகுகள்தான். 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்ததும் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகில்தான். ஆகவே சிறு படகைக் கண்டறிவது உலகத்தில் யாரும் முழுதாகத் தீர்க்காத, நமக்கு மிக நெருக்கமான சிக்கல். ஒரு பிஎச்.டி.க்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதில் கை வைப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறு படகு என்றால் ராமேசுவரத்து, நாகப்பட்டினத்து, காரைக்கால் மீனவர்தான். ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு, இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கியது. புயலில் சிக்கியவரைக் காப்பாற்ற அது நல்லது. அதே இருப்பிடத் தகவல் அண்டை நாட்டுக் கடற்படையிடம் போனால் கைதுக்கும் பயன்படும். ‘படகைக் கண்டுபிடிக்கும்’ நிரலை எழுதி உலகத்துக்குத் திறந்து விட்டுவிட்டு, அது யார் கையில் போகிறது என்று கேட்காமல் இருப்பது சரியில்லை. படகின் அடையாளத்தை நீக்குவது, சில நாள் தாமதித்து வெளியிடுவது, மீனவர் சங்கத்தாரிடம் முதலில் காட்டிப் பேசுவது ஆகிய மூன்றையும் ஆராய்ச்சித் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். இதற்கு ஒப்பாத வெளிநாட்டுக் கூட்டாளி எவ்வளவு பணம் தந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது வழியான கணினிப் பாதுகாப்பு, வேலை வாய்ப்பு என்று பார்த்தால் முதல் வழியை எளிதில் வெல்லும். 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற நாச நிரல் மெர்ஸ்க் நிறுவனத்தின் கணினிகளை உலகம் முழுவதும் முடக்கியது. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் நின்றுபோனது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மறுபடி நிறுவியதாக நிறுவனத் தலைவரே பின்னர் சொன்னார். இழப்பு 30 கோடி டாலர் வரை. 2023 ஜூலையில் ஜப்பானின் நகோயா துறைமுகத்தில் கன்டெய்னர் வேலை இரண்டு நாளுக்கு மேல் நின்றது. அதுவும் கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் கும்பலின் வேலை. 2021 முதல் கப்பல்களின் பாதுகாப்பு மேலாண்மையில் கணினி அபாயத்தையும் சேர்க்கச் சொல்லி சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தீர்மானம் இருக்கிறது. ஆக, ஆள் தேவை நிச்சயம்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. தாக்குதலுக்கு ஆளான நிறுவனம் பெரும்பாலும் அதை வெளியே சொல்லாது; சொன்னால் வாடிக்கையாளர் போய்விடுவார். எனவே தரவு கிடைக்காது. ஆய்வுக்கூடத்தில் உண்மையான ரேடார், மின்னணுக் கடல் வரைபடம், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் வேண்டும். பிரிட்டனில் பிளிமத் பல்கலைக்கழகம் அப்படி ஒரு கூடத்தை வைத்திருக்கிறது. நம் பக்கத்தில் அதை உருவாக்க உத்தண்டியில் இருக்கும் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் போன்ற இடத்துக்குத்தான் பொருத்தம் அதிகம். வேலூரில் இருந்து செய்தால், வெளிநாட்டுக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர்கள் கொடுக்கும் சிறு பகுதியைச் செய்வதாகத்தான் முடியும். ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஜி.பி.எஸ். ஏமாற்று. 2017 ஜூனில் கருங்கடலில் இருந்த பல கப்பல்களின் கருவிகள், அவை கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. இப்படிப் பொய் சொல்லும் இடத் தகவலை ஏ.ஐ.எஸ். தரவிலிருந்தே பிடிக்கலாம். கணினிப் பாதுகாப்பில் மனம் வைத்தவர்கள் இந்தக் கதவு வழியாக முதல் வழிக்குள் வரலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அதற்கு வேண்டியவர்கள் மிகச் சிலர். ஆனால் அந்தச் சிலர் இல்லாமல் மற்ற எல்லாம் பாதியில் நிற்கும். ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 105-வது பிரிவு, கொள்ளையரைப் பிடித்த நாட்டின் நீதிமன்றமே விசாரிக்கலாம் என்கிறது. ஆனால் உள்நாட்டுச் சட்டம் இல்லாமல் அது பயன்படாது. 2011-ல் பிடிபட்ட சோமாலியர் மீதான வழக்குகள் மும்பையில் தனிச் சட்டமின்றி ஆண்டுக்கணக்கில் நடந்தன. கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் 2022-ல்தான் வந்தது. ரூயென் கொள்ளையர் மீது மும்பையில் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட முடிந்தது. தூத்துக்குடியில் 2013-ல் பிடிபட்ட ‘சீமேன் கார்டு ஓஹியோ’ இன்னொரு படிப்பினை. கொள்ளையரிடமிருந்து கப்பல்களைக் காக்க ஆயுதக் காவலரை ஏற்றிய கப்பல் அது. கீழ் நீதிமன்றம் தண்டித்து, 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை விடுவிக்கும்வரை பல நாட்டவர் இங்கேயே கிடந்தார்கள். சட்டம் படித்த நம் பிள்ளை ஒருவர் இந்த வழக்குகளின் தமிழ்நாட்டுப் பக்கத்தை ஆழமாக எழுதினால் அது உலக அளவில் மதிக்கப்படும். கூட்டம் கூட்டமாகப் போக வேண்டிய வழி அல்ல, அவ்வளவுதான்.

யாரோடு சேர்வது? இதைத்தான் பலர் முதலில் கேட்கிறார்கள். அதிகப் பணம் எங்கே என்று பார்க்கிறார்கள். இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்ற குவாட் நாடுகள் 2022 மே மாதம் டோக்கியோவில் அறிவித்த கடல் விழிப்புணர்வுக் கூட்டு முயற்சிக்குத் தொழில்நுட்பம் அதிகம். ஆனால் அது அரசுகளுக்கு இடையேயானது. கல்லூரி உள்ளே நுழைவது கடினம். ஆசியக் கடற்கொள்ளையைத் தடுக்க நாடுகள் செய்த ரீகாப் ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூரில் 2006 முதல் இயங்கும் தகவல் மையத்தில் இந்தியாவும் இலங்கையும் உறுப்பினர்கள். அதன் அறிக்கைகள் யாரும் படிக்கும்படி வருகின்றன. கோலாலம்பூரில் இருக்கும் சர்வதேசக் கடல் பணியகத்தின் கொள்ளை அறிவிப்பு மையமும் தன் கணக்கை வெளியிடுகிறது. உலக அளவில் 2023-ல் 120 சம்பவம், 2024-ல் 116. இரண்டு மையங்களும் ஒரே பகுதிக்கு ஒரே எண்ணைச் சொல்வதில்லை, காரணம் எதைச் சம்பவம் என்று எண்ணுவது என்பதில் முறை வேறு. இந்த வேறுபாட்டை வரிவரியாக ஒப்பிடுவதே எம்.டெக். மாணவருக்கு ஓர் ஆண்டு வேலை, செலவு ஏறத்தாழ இல்லை.

என் விருப்பம் குருகிராமும் கொழும்பும். இந்தியக் கடற்படை 2018 டிசம்பரில் குருகிராமில் தொடங்கிய இந்தியப் பெருங்கடல் தகவல் ஒருங்கிணைப்பு மையத்தில் பிரான்ஸ், ஜப்பான், மாலத்தீவு, சிங்கப்பூர், இலங்கை என்று பல நாட்டுத் தொடர்பு அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாத அறிக்கையும் வெளியாகிறது. கொழும்பு ஏன் என்றால், நம் கன்டெய்னர்களில் பல அங்கேதான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. தமிழிலேயே பேசித் தரவை ஒப்பிடக்கூடிய பல்கலைக்கழகங்கள் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் இருக்கின்றன. இரு கரை மீனவர் பிரச்சினையை இரு பக்க மாணவர்களும் சேர்ந்து ஒரே வரைபடத்தில் பார்ப்பது, எந்தத் தலைநகரத்துப் பேச்சுவார்த்தைக்கும் கிடைக்காத தெளிவைத் தரும் என்று உறுதியாக நம்புகிறேன். பணம் குறைவு என்பது உண்மை. செயற்கைக்கோள் தொழில்நுட்பத்துக்குப் பிரான்ஸ் வேண்டுமென்றால் 1987 முதல் இருக்கும் இந்திய-பிரெஞ்சு ஆராய்ச்சி மையத்துக்கு விண்ணப்பிக்கலாம். எந்த நாடானாலும் பேராசிரியர் வழியாக, கல்லூரியின் அனுமதியோடு போங்கள். வெளிநாட்டுப் பணமும், ராணுவத்துக்கும் பொது வேலைக்கும் பயன்படும் இருபயன் தொழில்நுட்பமும் தனித் தனிச் சட்டங்களுக்குள் வருபவை. மாணவர் தன் பெயரில் ஒப்பந்தம் போடக் கூடாது.

ஒரு கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கூடம் வேலூரை ஏன் தேட வேண்டும்? செயற்கைக்கோள் படம் அவர்களிடமும் இருக்கிறது, நிரல் எழுதுபவரும் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது நம் ஷிப்பிங் அறைகளின் அலமாரிகளில் இருக்கிறது. எந்தக் கப்பலுக்கு புக் செய்தோம், சென்னையிலோ காட்டுப்பள்ளியிலோ எந்த நாளில் ஏறியது, கொழும்பில் எந்தக் கப்பலுக்கு மாறியது, எந்த நாளில் சேரும் என்று சொன்னார்கள், எந்த நாளில் சேர்ந்தது. ஆம்பூர் பெரியவர் ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, “கப்பல் எங்க இருக்குன்னு நிஜமா தெரிஞ்சா போதும் தம்பி, பையர்கிட்ட நான் பேசிக்குவேன். பழைய ஃபைல் எல்லாம் சும்மாதான் கிடக்குது, எடுத்துக்கோங்க” என்றார். செங்கடல் நெருக்கடிக்கு முன்னும் பின்னும் நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களின் சொன்ன நாளையும் சேர்ந்த நாளையும் ஏ.ஐ.எஸ். தடத்தோடு பொருத்தினால், பாதுகாப்பு குலைந்தபோது ஒரு சிறு உற்பத்தியாளர் எவ்வளவு இழக்கிறார் என்பது முதன்முறையாக எண்ணில் தெரியும். அந்த எண் இல்லாமல்தான் பெரிய மேடைகளில் முடிவுகள் எடுக்கிறார்கள்.

இரண்டு ஆண்டுக்குள் சம்பளம் வந்தாக வேண்டிய வீட்டுச் சூழ்நிலை என்றால் தயங்காமல் கணினிப் பாதுகாப்பை எடுங்கள். அதில் குறை இல்லை. கொஞ்சம் காத்திருக்க முடிந்தவர்கள் முதல் வழிக்கு வாருங்கள். ஃபைல்களைக் கேட்டுப் போகும்போது பையர் பெயர், விலை, பொருள் விவரம் மூன்றையும் குறிக்காமல், கப்பல் பெயர், கன்டெய்னர் ஏறிய துறைமுகம், மாறிய துறைமுகம், ஏறிய நாள், மாறிய நாள், சேரும் என்று சொன்ன நாள், சேர்ந்த நாள் என்ற நான்கு தேதிகள் மட்டும் எழுதிக்கொண்டு வருவதாக எழுத்தில் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் கதவு திறக்கும்.